மூன்று மாத மழை முன்னறிவிப்பை வைத்து மானாவாரியில் என்ன விதைப்பது என்று முடிவு செய்யலாமா?

கரிசல்மண்

விளாத்திகுளம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் இருக்கிறது, முழுக்க மானாவாரி. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பார்க்கிறார்கள். புழுதி உழவு முடிந்துவிட்டது. புரட்டாசியில் விதை போட்டாக வேண்டும். வீட்டில் இப்போது இரண்டு கட்சி. விலை கிடைக்கிறது, மொத்தத்தையும் மக்காச்சோளம் போடுவோம் என்கிறார் சித்தப்பா. உளுந்தும் வெள்ளைச்சோளமும் போதும், கையைக் கடிக்காது என்கிறார் அப்பா. மக்காச்சோளம் என்றால் விதை, உரம், படைப்புழுவுக்கு மருந்து என்று அம்மாவின் நகை கூட்டுறவு சங்கத்துக்குப் போய்விடும். உளுந்து என்றால் வீட்டு விதையே இருக்கிறது.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் வடகிழக்குப் பருவமழைக்கு மாவட்டவாரியாக முன்னறிவிப்பு வெளியிடுகிறது. வானிலை ஆய்வுத் துறையும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் வாக்கில் ஒன்று சொல்கிறது. நான் கேட்பது ஐந்து நாள் அறிவிப்பைப் பற்றி இல்லை, அதை ஊரில் எல்லோரும் பார்க்கிறார்கள். மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சொல்வதை வைத்து யாராவது பயிர்த் திட்டம் போட்டிருக்கிறீர்களா? அதில் உண்மையிலேயே பலன் உண்டா?

தாளடி

தம்பி, 2016-ஐ மறந்துவிட்டுப் பேசக் கூடாது. அந்த வருஷம் மேட்டூர் செப்டம்பர் 20-ல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீர் பத்தாது, ஐப்பசி மழை கை கொடுக்கும் என்று நம்பி டெல்டாவில் நேரடி விதைப்பு செய்தோம். வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. பயிர் கணுக்கால் உயரத்தில் கருகி நின்றது. ஜனவரி 10, 2017-ல் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டமாக அறிவித்தார்கள். நிவாரணம் வந்தது, ஆனால் அதற்குள் போனது போனதுதான்.

அதற்கு முன்பும் பார்த்திருக்கிறோம். 2002-ல் தென்மேற்குப் பருவமழை நாடு முழுக்க இயல்பில் 101 விழுக்காடு பெய்யும் என்றார்கள், பெய்தது 81. 2009-லும் வறட்சியை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் வானத்தைச் சொல்ல யாராலும் ஆகாது என்பது என் கருத்து. நாளைக்கு மருந்து அடிக்கலாமா என்று கேட்டால் வானிலை அறிவிப்பைப் பார்ப்பேன். எதைப் பயிரிடுவது என்று கேட்டால் பார்க்க மாட்டேன்.

மழைக்கணக்கு

தாளடி அண்ணன் சொன்ன 2002 கணக்கு சரி. அதற்குப் பிறகுதான் 1988 முதல் பயன்படுத்திய பழைய புள்ளிவிவர முறையையே மாற்றினார்கள். இன்றைக்கு உலகின் பல கணினி மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறார்கள். முறை மாறியிருக்கிறது, மேம்பட்டும் இருக்கிறது. ஆனால் கரிசல்மண் கேட்ட கேள்விக்கு, அந்த அறிவிப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்று மாத அறிவிப்பு நாளையோ வாரத்தையோ சொல்வதில்லை. கடலின் வெப்பநிலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, அதனால் மழை கூடுவதற்கு எவ்வளவு வாய்ப்பு, குறைவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்கிறது. பசிபிக்கில் எல் நினோவா (கடல் வழக்கத்தைவிடச் சூடு), லா நினாவா (வழக்கத்தைவிடக் குளிர்ச்சி), இந்தியப் பெருங்கடலில் மேற்குப் பக்கம் சூடா, கிழக்குப் பக்கம் சூடா என்பதுதான் அடிப்படை. கடல் மெதுவாகத்தான் மாறும் என்பதால் சில மாதங்களுக்கு முன்பே அதைச் சொல்ல முடிகிறது.

இங்கே நம் மாநிலத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. எல் நினோ என்றவுடன் செய்தியில் வறட்சி என்று போடுகிறார்கள். அது தென்மேற்குப் பருவமழைக்குப் பொதுவாகப் பொருந்தும். வடகிழக்குப் பருவமழைக்குச் சாய்மானம் எதிர்ப்பக்கம். எல் நினோ ஆண்டுகளில் தமிழகத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடுவதுதான் அதிகம் நடந்திருக்கிறது. 1997-ம் 2015-ம் அப்படித்தான். 2016-ல் லா நினா பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது, இந்தியப் பெருங்கடலும் சாதகமாக இல்லை. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை இந்த மூன்று மாதத்தில் பெறும் நாம், டெல்லியை மனதில் வைத்து எழுதிய தலைப்பைப் படித்துவிட்டு முடிவெடுத்தால் தலைகீழாகப் போய்விடும்.

இதுவும் சட்டம் கிடையாது, சாய்மானம்தான். 2010-ம் 2021-ம் லா நினா ஆண்டுகள். இரண்டிலும் இங்கே நன்றாகவே பெய்தது, 2021-ல் இயல்பைவிட 59 விழுக்காடு அதிகம். காரணம், வடகிழக்குப் பருவமழை என்பது வங்கக் கடலில் உருவாகும் சில காற்றழுத்தத் தாழ்வுகளின் கையில் இருக்கிறது. ஒரே ஒரு புயல் கரையைத் தொடும் இடம் நூறு கிலோமீட்டர் தள்ளினால் ஒரு மாவட்டத்தின் பருவமே மாறிவிடும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். அதைச் செப்டம்பரில் யாரும் சொல்லியிருக்க முடியாது.

அவிநாசிக்காரன்

கோவைக்காரங்க வெளியிடும் அறிவிப்பைப் பற்றி ஒரு தகவலுங்க. பசிபிக் கடலின் மேற்பரப்பு வெப்பநிலையையும் பசிபிக்கின் இரு பக்கக் காற்றழுத்த வேறுபாட்டைச் சொல்லும் தென்மண்டலக் காற்றழுத்தக் குறியீட்டையும் எடுத்து, ஆஸ்திரேலியாவிலிருந்து பெற்ற ‘மழை மனிதன்’ என்ற கணினிக் கட்டமைப்பில் போட்டு மாவட்டவாரியாகக் கணிக்கிறார்கள். பத்திரிகைச் செய்தியிலேயே இதை எழுதியிருப்பார்கள். கூடவே வாய்ப்பு விழுக்காடும் இருக்கும். பேப்பரில் போடும்போது அந்த விழுக்காட்டை விட்டுவிட்டு மழையளவை மட்டும் போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பாதித் தகராறு ஆரம்பிக்கிறது.

எங்கள் பகுதியிலேயே 2000-ஐ ஒட்டி இந்தப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்களும் மானாவாரி நிலக்கடலையையும் பருத்தியையும் வைத்து, பருவ முன்னறிவிப்பால் முடிவு மாறுமா என்று ஆராய்ந்தார்கள். விவசாயிகளோடு உட்கார்ந்து, என்ன தகவல் எப்போது வந்தால் உங்களுக்கு உபயோகம் என்று கேட்டதுதான் அதில் முக்கியமான வேலைங்க.

தாளடி

விழுக்காடு எழுதியிருந்தால் மட்டும் என்ன? 60 விழுக்காடு வாய்ப்பு என்றால் பெய்யுமா பெய்யாதா? பெய்தாலும் அவர்கள் சொன்னது சரி, பெய்யாவிட்டாலும் சரி என்றுதானே ஆகிறது.

மழைக்கணக்கு

அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. ஒரு வருஷத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பத்து வருஷமாகப் பாருங்கள்.

கணக்குக்காக ஓர் ஏக்கரை எடுத்துக்கொள்வோம். இவை உங்கள் ஊர்த் தொகைகள் இல்லை, உங்கள் தொகையைப் போட்டுத் திரும்பப் பார்த்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளத்துக்குச் செலவு 22,000. மழை நன்றாக இருந்தால் வரவு 45,000, பொய்த்தால் 8,000. உளுந்துக்குச் செலவு 10,000. நல்ல மழையில் வரவு 22,000, மோசமான மழையில் 9,000.

மழை குறையும் வாய்ப்பு 60 விழுக்காடு என்று சொல்லப்பட்ட வருஷங்கள் பத்து என்று வைப்போம். ஆறு வருஷம் குறையும், நாலு வருஷம் நன்றாக இருக்கும். மக்காச்சோளத்தில் நாலு வருஷ லாபம் 92,000, ஆறு வருஷ நஷ்டம் 84,000, மிச்சம் 8,000. உளுந்தில் நாலு வருஷ லாபம் 48,000, ஆறு வருஷ நஷ்டம் 6,000, மிச்சம் 42,000.

குறையும் வாய்ப்பு 30 விழுக்காடுதான் என்று சொல்லப்பட்ட பத்து வருஷத்தை எடுத்தால், மக்காச்சோளம் 1,19,000 தருகிறது, உளுந்து 81,000 தருகிறது. அறிவிப்பு மாறும்போது எந்தப் பயிர் முன்னால் நிற்கிறது என்பதும் மாறுகிறது பாருங்கள். பத்தில் மூன்று, நாலு முறை தவறிப்போகும் ஓர் அறிவிப்புக்கும் இவ்வளவு மதிப்பு இருக்கிறது. ஆனால் அது உண்மையிலேயே பத்தில் ஆறு முறை பலிக்கிறதா என்று பழைய அறிவிப்புகளையும் பெய்த மழையையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்து மக்களிடம் காட்ட வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அந்தப் பட்டியல் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முண்டுமிளகாய்

மழைக்கணக்கு, உங்கள் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. பத்து வருஷம் தாக்குப்பிடிக்கிறவனுக்குத்தான் அந்த மிச்சம். முதல் வருஷமே 14,000 நஷ்டம் வந்து, அது வட்டிக்கு வாங்கிய பணமாக இருந்தால், இரண்டாம் வருஷம் விதைக்கவே கையில் காசு இருக்காது. முதுகுளத்தூர் பக்கம் வந்து பாருங்கள், நல்ல மழை என்று தெரிந்த வருஷத்திலும் தரிசு கிடக்கும் நிலம் எத்தனை என்று. மழையைத் தெரிந்துகொள்ளாததால் அவை தரிசாகக் கிடக்கவில்லை, முந்தின வருஷக் கடனால் கிடக்கின்றன.

கரிசல்மண் தம்பி வீட்டில் அப்பா சொல்வதை நான் பயந்த பேச்சு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். கையிருப்பு இல்லாதவர், குறையும் வாய்ப்பு 30 விழுக்காடாக இருந்தாலும் உளுந்து போடுவது புத்திசாலித்தனம்தான். அறிவிப்பு ஒன்றே. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு அதற்குப் பதில் வேறாகத்தான் இருக்கும். இதைச் சொல்லாமல் மாவட்டம் முழுவதற்கும் ஒரே பரிந்துரை கொடுப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

வயல்விழி

முண்டுமிளகாய் அண்ணன் சொன்னதை ஒட்டி. நான் வேளாண் முதுகலை படிக்கிறேன், இதையே திட்டக் கட்டுரைக்கு எடுத்திருப்பதால் வெளிநாட்டு அனுபவங்களைக் கொஞ்சம் படித்தேன்.

ஜிம்பாப்வேயில் 1997-98-ல் நடந்தது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் எல் நினோ என்றால் வறட்சிப் பக்கம் சாய்மானம். அந்த வருஷ எல் நினோ மிகப் பெரியது, எல்லோரும் வறட்சி உறுதி என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். வங்கிகள் விவசாயக் கடனைச் சுருக்கின. விதைப்புப் பரப்பு குறைந்தது. கடைசியில் மழை ஏறக்குறைய வழக்கம்போல் பெய்தது. அறிவிப்பில் இருந்த வாய்ப்பு என்ற வார்த்தை வழியிலேயே தொலைந்துபோய், வறட்சி என்ற வார்த்தை மட்டும் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததால் வந்த வினை. சிறு விவசாயிக்கு உதவ வேண்டிய தகவலை முதலில் பயன்படுத்திக்கொண்டது கடன் கொடுக்கிறவர்கள்.

அதே நாட்டில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வு வேறு பக்கத்தைக் காட்டுகிறது. ஊரில் விவசாயிகளைக் கூட்டி, இந்த வருஷ அறிவிப்பு என்ன, போன வருஷம் என்ன சொன்னோம், என்ன நடந்தது, உங்கள் ஊர் அடையாளங்கள் என்ன சொல்கின்றன என்று உட்கார்ந்து பேசினார்கள். அந்தக் கூட்டங்களுக்கு வந்தவர்கள், வானொலியில் மட்டும் கேட்டவர்களைவிட அதிகமாக அறிவிப்பைப் பயன்படுத்தினார்கள். பயன்படுத்தி ரகத்தையோ விதைக்கும் நேரத்தையோ மாற்றியவர்களுக்கு விளைச்சலும் கூடியது.

நமக்குப் பக்கத்தில் தெலங்கானாவில் 250 கிராமங்களில் ஒரு பெரிய பரிசோதனை செய்தார்கள். தென்மேற்குப் பருவமழை எப்போது தொடங்கும் என்று ஒரு மாதத்துக்கும் மேல் முன்னதாகவே விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது. தாங்கள் நினைத்ததைவிட மோசமான செய்தி கிடைத்தவர்கள் சாகுபடிப் பரப்பை 22 விழுக்காடு குறைத்துக்கொண்டு வேறு தொழிலில் கொஞ்சம் பணம் போட்டார்கள். நல்ல செய்தி கிடைத்தவர்கள் கூடுதலாகச் செலவு செய்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பரப்பைக் குறைத்ததையும் ஆய்வாளர்கள் பலனாகவே கணக்கில் எடுத்தது. கடன் வாங்கிப் போட்டு இழக்க வேண்டிய பணம் வீட்டிலேயே நின்றிருக்கிறது. விளைச்சலை மட்டும் அளந்தால் அது கண்ணில் படாது.

தாளடி

இது எனக்குப் புதுத் தகவல். தொடக்கத் தேதியைச் சொன்னார்கள் என்கிறீர்களே, அது மொத்த மழையைச் சொல்வதைவிட உருப்படியான விஷயம். எங்களுக்கும் மொத்தம் எவ்வளவு என்பதைவிட எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்பதுதான் வேண்டும்.

வயல்விழி

ஆமாம் ஐயா. 2025-ல் மத்திய வேளாண் அமைச்சகம் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வைத்து 13 மாநிலங்களில் 3.8 கோடி விவசாயிகளுக்குத் தொடக்க மழை பற்றிக் குறுஞ்செய்தி அனுப்பியது. அந்த வருஷம் பருவமழை சீக்கிரமே தொடங்கி, நடுவழியில் கிட்டத்தட்ட 20 நாள் நின்றது. அந்த நிறுத்தத்தையும் மாதிரி முன்பே சொல்லியிருந்தது. முதல் மழையை நம்பி விதைத்துவிட்டு முளைத்தது கருகும் கொடுமை அதுபோன்ற வருஷத்தில்தான் வரும். ஆனால் இதெல்லாம் தென்மேற்குப் பருவமழைக்கு. வடகிழக்குக்கும் இதே அக்கறையோடு யாராவது செய்ய வேண்டும்.

சோளத்தட்டை

நான் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், வேலை பார்த்த காலத்தில் பாதி கோவில்பட்டி, எட்டயபுரம், புதூர் பக்கம்தான். கரிசல்மண் தம்பிக்கு நேரடியாகச் சொல்கிறேன்.

நம் கரிசலில் முன்பருவ விதைப்பு என்று ஒன்று உண்டு. மழைக்கு முன்னாலேயே, காய்ந்த புழுதியில், சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விதையைப் போட்டுவிடுவது. மேலாக விதைத்தால் சிறு தூறலிலேயே முளைத்துவிடும், அடுத்த மழை வருவதற்குள் வெயிலில் கருகும். ஆழத்தில் கிடந்தால் ஓரளவு கனத்த மழை விழுந்து ஈரம் கீழே இறங்கினால்தான் முளைக்கும். கரிசலில் இது இன்னும் அவசியம். மழை பிடித்துவிட்டால் டிராக்டரும் இறங்காது, மாடும் இறங்காது, விதைக்க முடியாமல் பத்து நாள் போய்விடும்.

விதையைக் கடினப்படுத்துவதையும் விடாதீர்கள். சோளத்தை இரண்டு விழுக்காடு பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை உலர்த்த வேண்டும். அண்டாவில் ஊறவைத்து, திண்ணையில் சாக்கு விரித்துப் பரப்பி, அடிக்கடி கையால் கிளறிக் கொடுக்க வேண்டும். கையில் அள்ளினால் விதை விரலில் ஒட்டாமல் உதிர வேண்டும், அதுதான் பக்குவம். பல வீடுகளில் இந்த வேலையைச் செய்வது பெண்கள்தான். ஆனால் வேளாண் குறுஞ்செய்தி போவது வீட்டு ஆண்களின் போனுக்கு. நான் வேலையில் இருந்தபோதே இதைக் கூட்டங்களில் சொல்லி வந்தேன், இன்றும் பெரிதாக மாறவில்லை.

சரி, முன்னறிவிப்புக்கு வருவோம். மூன்று வகை அறிவிப்பு இருக்கிறது, மூன்றுக்கும் வேறு வேறு வேலை. மூன்று மாத அறிவிப்பை வைத்து எந்தப் பயிர், எத்தனை நாள் ரகம், எவ்வளவு கடன் என்று முடிவு செய்யுங்கள். வானிலைத் துறை வியாழக்கிழமைதோறும் அடுத்த நாலு வாரத்துக்கு ஓர் அறிவிப்பு விடுகிறது, அதை வைத்து விதைக்கும் வாரத்தை முடிவு செய்யுங்கள். செவ்வாயும் வெள்ளியும் வரும் ஐந்து நாள் அறிக்கையை வைத்து மேலுரம், மருந்து, அறுவடை. மூன்று மாத அறிவிப்பில் விதைக்கும் தேதியைத் தேடினால் ஏமாற்றம்தான். ஐந்து நாள் அறிக்கையை மட்டும் பார்த்தால் நகையை அடகு வைத்த பிறகுதான் தகவல் வரும்.

இன்னொன்று. ‘இயல்பைவிட அதிகம்’ என்று அறிவிப்பு வந்தால் எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் அது நல்ல செய்தி என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. காய் முற்றும் நேரத்தில் மழை பிடித்தால் செடியிலேயே முளை விடும். 2023 டிசம்பரில் நம் மாவட்டத்தில் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். அதிக மழை என்று சொன்னால் வடிகால் வாய்க்காலை இப்போதே வெட்டுங்கள், பள்ளக்காட்டில் பயறு போடாதீர்கள்.

கரிசல்மண்

அண்ணாச்சி, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. மிக்க நன்றி. ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் பெரியவர்கள் மார்கழியில் கர்ப்போட்டம் பார்ப்பார்கள். போன மார்கழியில் சரியாக ஓடவில்லை, அதனால் இந்த வருஷம் மழை பின்தங்கும் என்று தாத்தா சொல்கிறார். இதையும் அறிவிப்பையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது?

சோளத்தட்டை

சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் சுமார் 14 நாளில் மேகம் ஓடுவதைப் பார்த்து அடுத்த வருஷ மழையைச் சொல்வது அது. பலிக்கிறது என்று அறிவியல்பூர்வமாக யாரும் நிறுவி நான் பார்த்ததில்லை. ஆனால் தாத்தாவிடம் வாதாட வேண்டாம். அவர் சொல்வதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் பல்கலைக்கழகம் சொன்னதை எழுதுங்கள், தை பிறந்ததும் அதுவரை உண்மையில் பெய்த மழையை எழுதுங்கள். நிறைய ஊரில் பெரியவர்கள் மழையைக் கவனிக்கிற பழக்கம்தான் இளையவர்களிடம் இல்லாமல் போயிருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது.

முண்டுமிளகாய்

பிரேசிலின் வறண்ட சியாரா மாநிலத்தில் கிஷாடா என்ற ஊரில் ஒவ்வொரு ஜனவரியும் ‘மழைத் தீர்க்கதரிசிகள்’ என்று அழைக்கப்படும் கிராமத்துப் பெரியவர்கள் கூடி, எறும்பு, பறவை, மரம் பார்த்து அந்த வருஷ மழையைச் சொல்வார்கள். அந்த மாநிலத்துக்கே சொந்தமாக வானிலை நிறுவனமும் இருக்கிறது, அதுவும் பருவ அறிவிப்பு விடும். மாநில அரசு விதை கொடுக்கும் திட்டத்தை அந்த அறிவிப்போடு இணைத்து, நிலத்தில் ஈரம் போதும் என்று ஆன பிறகுதான் விதையைக் கொடுத்தது. விவசாயிகளுக்கு அதில் கோபமும் வந்தது, விதைப்பதை நான் முடிவு செய்வதா நீ முடிவு செய்வதா என்று. அந்தக் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அறிவிப்போடு விதையும் வர வேண்டும் என்ற எண்ணம் சரியானது.

நம் ஊரில் நடப்பதைப் பாருங்கள். மழை குறையலாம், குறுகிய நாள் ரகம் போடுங்கள் என்று அறிவுரை வரும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அண்ணா 4 நெல் 100, 105 நாளில் வந்துவிடும், எங்கள் மானாவாரிக்கு ஏற்றது. விதை டிப்போவுக்குப் போனால் விதைக்கிற வாரத்தில் கையில் கிடைக்க வேண்டுமே. கிடைக்கவில்லை என்றால் அறிவிப்பு சரியாக இருந்து என்ன பயன்? குத்தகைக்கு உழுகிறவர் நிலை இன்னும் மோசம். அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கு அவர் பெயரில் இல்லை, கடன் இல்லை, காப்பீடு சுலபத்தில் இல்லை, எந்தப் பயிர் என்பதையும் நிலக்காரர் சொல்வார். அறிவிப்பைக் கேட்டு மாற்றிக்கொள்ள அவரிடம் எதுவும் கிடையாது.

அவிநாசிக்காரன்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேனுங்க. 2024-ல் மாவட்ட அளவில் இருந்த வேளாண் வானிலைப் பிரிவுகளை மூடினார்கள், நாடு முழுக்க 199. வட்டார அளவில் அறிக்கை எழுதி, விவசாயிகளோடு வாட்ஸ்ஆப்பில் பேசிக்கொண்டிருந்த ஆட்கள் அவர்கள். கணினி மாதிரி நுட்பமாகிக்கொண்டே போகிறது, கடைசியில் ஊர்க்காரரிடம் உட்கார்ந்து இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல ஆள் குறைகிறது. இது திரும்ப வர வேண்டுமுங்க.

கீதாரிமகன்

எல்லோரும் பயிரையே பேசுகிறீர்கள். நாங்கள் செம்மறி ஆட்டுக்காரர்கள், ராமநாதபுரத்திலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் கிடை போடப் போகிறவர்கள். மழை பொய்க்கும் என்று ஐப்பசியிலேயே ஓரளவு தெரிந்தால், தை, மாசியில் எல்லோரும் ஆட்டை விற்க வந்து சந்தையில் விலை விழுவதற்கு முன்பே கிடாய்களை விற்றுவிடலாம், தாய் ஆடுகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு இந்த மூன்று மாத அறிவிப்பு, விவசாயிகளைவிடக் கூடுதலாகவே பயன்படும் என்று நினைக்கிறேன். எங்களுக்கென்று யாரும் அனுப்புவதில்லை.

மழைக்கணக்கு

மிக முக்கியமான விஷயம் சொன்னீர்கள். ஆட்டை விற்பது, வைக்கோல் சேர்ப்பது, கண்மாய் மடையைச் சரிசெய்வது, இவையெல்லாம் வாரக்கணக்கில் அவகாசம் வேண்டிய வேலைகள். ஐந்து நாள் அறிவிப்பால் இவற்றுக்கு உபயோகம் இல்லை.

தாளடி

நான் முதலில் சொன்னதிலிருந்து முழுதாக இறங்கிவரவில்லை. டெல்டாவில் மேட்டூரில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் இன்னும் எனக்கு முதல் அறிவிப்பு. அணையும் பாதி, மழையும் குறையலாம் என்று வரும் வருஷத்தில் மட்டும், 155, 160 நாள் போகிற சி.ஆர். 1009 நெல் பக்கம் போகாமல் நடுத்தர நாள் ரகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்ற அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். அதனால் கைமுதல் எதுவும் போவதில்லை, மழை நன்றாகப் பெய்தாலும் நெல் வரும்.

சோளத்தட்டை

அதேதான் வழி. தவறிப்போனாலும் பெரிதாக இழக்காத முடிவை மாற்ற இந்த அறிவிப்பு போதும். மொத்தக் காட்டையும் தரிசு போடுவதற்கோ, இருக்கிற நகை எல்லாவற்றையும் அடகு வைப்பதற்கோ இது போதாது.

கரிசல்மண்

நேற்று ராத்திரி இந்த இழையை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் முழுதாகப் படித்துக் காட்டினேன். மேட்டுப்பாங்கான நிலத்தில் உளுந்தும், அதை ஒட்டி வெள்ளைச்சோளமும் முன்பருவ விதைப்பாகப் போடுவது என்று முடிவாகியிருக்கிறது. சோள விதையை அம்மா இந்த வாரமே ஊறவைக்கிறார். கீழ்க்காட்டை மட்டும் மக்காச்சோளத்துக்கு ஒதுக்கி நிறுத்தியிருக்கிறோம். வானிலைத் துறையின் பருவ அறிவிப்பும் அதற்கடுத்த வியாழக்கிழமை வரும் நாலு வார அறிவிப்பும் பார்த்துவிட்டு, இரண்டும் சாதகமாக இருந்தால் நகை, இல்லையென்றால் அங்கேயும் சோளம், மாட்டுக்குத் தட்டையாவது மிஞ்சும். சித்தப்பா முழு மனதோடு இல்லை, ஆனால் சரி என்றிருக்கிறார்.

காப்பீடு பற்றி ஒன்று கேட்க வேண்டும். விதைத்த உடனே பதிந்துவிடலாமா, முளைக்கும் வரை காத்திருக்க வேண்டுமா?

சோளத்தட்டை

காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பயிருக்கும் கடைசித் தேதி வேறு, நெல்லுக்கு ஒரு தேதி சொன்னால் உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் அது பொருந்தாது. உங்கள் வட்டாரத்துக்கு அறிவிக்கையான தேதியை வேளாண்மை விரிவாக்க மையத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். விஏஓவிடம் அடங்கல் அல்லது விதைப்புச் சான்று வாங்கி, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகலோடு இ-சேவை மையத்திலோ கூட்டுறவு சங்கத்திலோ பதியலாம். உணவு தானியத்துக்கும் பயறுக்கும் விவசாயி கட்டும் பங்கு காரிப் எனும் தென்மேற்கு மழைப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் இரண்டு விழுக்காடு, ராபி எனும் அதற்கடுத்த பருவத்தில் ஒன்றரை. உங்கள் விதைப்பு எந்தப் பருவத்தில் சேர்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். சர்வே எண்ணையும் பயிர்ப் பெயரையும் ரசீதில் இரண்டு முறை சரிபாருங்கள். அது தவறினால் பின்னால் திருத்துவது பெரும்பாடு. நிலம் அப்பா, சித்தப்பா இருவர் பெயரிலும் இருந்தால் தனித்தனியாகவே பதியுங்கள்.